அயல்நாட்டு நண்பருக்கு ஓர் அரக்குத் தட்டு

சைகோன்
3 மார்ச் 1998

தம்பி காதர் மைதீனுக்கு லாத்தா அஷ்ரஃபுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுபதாம் வருஷம் என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, முதல் நாள் அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருந்தேன். மறுநாள் வந்தவள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "டீச்சர், போன்ல பேசுறப்பவும் நீங்க கறுப்பாத்தான் இருப்பீங்களா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, எழுதப் போட்ட பாடத்தைத் தொடர்ந்தேன். அன்றே அவளுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து அந்தக் கேள்விதான் என் காதில் இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். கணக்கைப் பலகையில் முதல் வரியிலிருந்து போட்டால்தான் தப்பு எங்கே நடந்தது என்று தெரியும்.

ஓய்வுபெற்ற இரண்டாம் வருஷம் 'கால்வாய்க் கடை' படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்கள். துணிக்கடைக்காரரின் விதவை. போரில் அநாதையான ஒரு கைக்குழந்தையை வளர்க்கிறாள். உறவென்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கொடுக்க மறுக்கிறாள். வசனத்தை எல்லாம் நான் நல்ல சைகோன் பேச்சில், என் பேச்சில், பேசி நடித்தேன். கேமரா போடுகிற சத்தத்தில் ஒலிப்பதிவு செய்ய முடியாது, குரலைப் பிறகு ஸ்டுடியோவில் வேறு ஆட்கள் கொடுப்பார்கள் என்று, அந்தக் குரல் வேலையிலேயே இருக்கிற நீதான் சொன்னாய். எல்லாப் படமும் அப்படித்தான் என்றாய். சரி என்றேன்.

புத்தாண்டுக்குப் படம் வந்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்கிறேன். உள்ளேயிருந்து கொச்சையாய், ஏற்ற இறக்கம் எல்லாம் தட்டையாகிப்போன ஓர் அந்நியப் பேச்சு வருகிறது. அரங்கம் சிரித்தது. நான்கு நிமிடக் காட்சி, காதர். நான்கு நிமிடமும் சிரித்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை விருது விழா. சிறந்த துணை நடிகைக்கான பட்டியலில் என் பெயர் இருப்பதாக அழைப்பில் அச்சிட்டிருந்தார்கள். மேடையில் அந்தப் பெயரை வாசிக்கவில்லை. அந்தப் பரிசு கதாநாயகனின் தங்கையாக நடித்த லானுக்குப் போனது. கடைசியில் என்னை மேலே அழைத்து, ஒரு கறுப்பு அரக்குத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். அதில் தங்க எழுத்தில் 'அயல்நாட்டு நண்பருக்கு, நட்பின் நினைவாக' என்று இருந்தது. இந்த ஊரில் மூன்றாம் வட்டாரத்தில் பிறந்து, முப்பத்தாறு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியைச் சொல்லிக்கொடுத்தவளுக்கு.

நடுவர் ஒருவரிடம் கேட்டேன். குரல் உங்களுடையது அல்ல, ஆகையால் நடிப்பின் பாதி உங்களுடையது அல்ல என்றார். லானின் குரல் யாருடையது? உன் ஸ்டுடியோவில் வேலை செய்யும் துயெட்டுடையது. என் வாயில் பேசிய கொச்சைக் குரல் யாருடையது? அதே துயெட்டுடையது.

இன்னும் ஒன்று. அந்தக் குரல் ஒவ்வொரு மறுப்புக்கு முன்னாலும் நாக்கை அண்ணத்தில் ஒரு முறை தட்டுகிறது. கடைசிச் சொல்லை இழுக்கிறது. பென்-தான் சந்தையில் துணி விரித்துக்கொண்டு, யாராவது குறைந்த விலை கேட்டால் அப்படி நாக்கைத் தட்டியவர் ஒருவர்தான். அவர் இறந்து இருபத்தாறு வருஷமாகிறது. வாப்பாவின் பேச்சை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

மாத முடிவுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம் என்கிறார்கள். நீ ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: எனக்கு இந்த மொழி தெரியும், கொச்சைப் பேச்சு ஸ்டுடியோவின் முடிவு, இரண்டு பேருக்கும் குரல் ஒன்றே.

நேரில் வராதே. வந்தாலும் படியேற விடமாட்டேன். உன் வாயைத் திறந்தால் நான் இளகிவிடுவேன், அது உனக்குத் தெரியும். பள்ளிவாசல் பின்னறையில் வாப்பா நமக்கு உட்கார்ந்து கற்றுக்கொடுத்த எழுத்தில் பதில் எழுது.

லாத்தா


பின் யுவோங்
7 மார்ச் 1998

லாத்தாவுக்கு,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். இருபது வருஷமாகத் தமிழில் ஒரு வரி எழுதவில்லை. பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புங்கள், எப்படியும் அனுப்புவீர்கள்.

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் துயெட் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வாய்க்கு வாய் சொல்லிக்கொடுத்தேன். இயக்குநர் உங்கள் காட்சியை ஓடவிட்டுப் பார்த்தார். இந்த முகம் இவ்வளவு சுத்தமாகப் பேசினால் சனங்கள் நம்பமாட்டார்கள் என்றார். துயெட் முதலில் டி.வி. நாடகத்தில் சா வாக்காரன் என்று நம்மவர்களைப் போல வேஷம் கட்டுகிறவர்கள் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு பேசினாள். நிறுத்தச் சொன்னேன். எப்படியும் ஒரு கொச்சை வரத்தான் போகிறது, அது பொய்க் கொச்சையாக இருப்பதைவிட உண்மையான மனுஷன் பேசியதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்போது அது வாப்பாவுக்கு நான் செய்கிற மரியாதை என்றுகூட நினைத்தேன். சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் ஸ்டுடியோவுக்கே வந்து எல்லோரையும் முட்டி போட வைத்திருப்பீர்கள்.

இப்போது என் கணக்கையும் அதே பலகையில் போடுங்கள். எழுபத்தொன்பதில் நடிக்க வந்தவன் நான். ஒரு வசனம் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் இயக்குநர் எழுந்து நின்றார். குரல் கதாநாயகனுக்குச் சரி, முகம் அமெரிக்கன் வீட்டுச் சமையல்காரனுக்குச் சரி என்றார். அன்றிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால். பத்தொன்பது வருஷத்தில் தளபதி, கவிஞன், காதலன், டாக்டர் எல்லாம் என் தொண்டையிலிருந்துதான் பேசியிருக்கிறார்கள். கடைசியில் ஓடும் பெயர்களில் 'மற்றும் பலர்' என்பதில் நான் இருக்கிறேன். போன வருஷம் சிறந்த நடிகர் விருது வாங்கியவனின் பாராட்டுரையில் 'உள்ளத்தை உலுக்கும் ஆழ்ந்த குரல்' என்று வாசித்தார்கள். அப்போது நான் இங்கே மகள் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் கிண்ணம் இருந்ததால் கைதட்டவில்லை.

நான் யாரிடம் ஆட்சேபம் கொடுத்தேன்?

உங்களுக்கு ஒரு தட்டாவது கிடைத்தது. அந்தத் தட்டுக்காக நான் வேலையை விட வேண்டுமா? கையெழுத்துப் போட்டால் மறுநாள் கூண்டுக்குள் வேறொருவன் இருப்பான். எனக்கு ஐம்பத்தாறு வயது. இந்தத் தொண்டையைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

போட மாட்டேன்.

காதர்


சைகோன்
13 மார்ச் 1998

தம்பி காதருக்கு,

உன் கடிதத்தில் ஏழு பிழை. திருத்தவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: தட்டுக்காக நான் சண்டை போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அது.

பொறுமையாகவே சொல்கிறேன், இந்தக் கோபத்தோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஓர் உதாரணம். தேர்வில் இரண்டு பிள்ளைகள், மூன்றாவது பிள்ளையைப் பார்த்து எழுதுகிறார்கள். நான் ஒருத்தியின் தாளைக் கிழித்துப் போடுகிறேன், மற்றவளுக்கு முதல் பரிசு கொடுக்கிறேன். ஏன் என்று கேட்டால், காப்பியடிக்கக் கூடாது என்பது விதி என்கிறேன். விதி நல்ல விதிதான். அதை யார் தாளில் பார்த்தேன், யார் தாளில் பார்க்காமல் விட்டேன் என்பதில்தான் அயோக்கியத்தனம். நீயே எனக்குச் சாட்சி எழுதித் தந்துவிட்டாய், தெரிகிறதா? போன வருஷம் அந்தக் கதாநாயகனிடம் யாரும் குரல் யாருடையது என்று கேட்கவில்லை. கேட்காதது மட்டுமல்ல, அந்தக் குரலையே புகழ்ந்திருக்கிறார்கள்.

புதன்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு விழா அலுவலகத்துக்குப் போனேன். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு வாலிபர் எழுந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் வரவேற்றார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. வந்த காரியத்தை நம் ஊர்ப் பேச்சில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, எங்க மொழிய இவ்வளவு நல்லாப் பேசுறீங்களே! எத்தனை வருஷமாக் கத்துக்கிறீங்க?"

"அறுபத்தொரு வருஷமா. நீங்க?"

அவருக்குப் புரியவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நான் லானைப் பற்றிக் கேட்டேன்.

"அது வேற விஷயம்மா. லானுக்குப் பேச வரும்னுதான் எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்கும் பேச வரும்னு உங்களுக்கு இப்பத் தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்யிறது? நடுவர் குழு படத்தத்தான் பார்க்கும். படத்துல நீங்க அப்படிப் பேசலையே."

பார்த்தாயா? முதலில் என் வாயைப் பிடுங்கிக்கொண்டு வேறு வாயை வைத்தார்கள். பிறகு, உனக்கு வாய் இல்லை, ஆகவே பரிசு இல்லை என்கிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டு நான் தட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன். பாதித் தெருவுக்கு ஓடிவந்து, "அம்மா, பரிச மறந்துட்டுப் போறீங்க" என்று கையில் திணித்தார். நல்ல பிள்ளை. அதுதான் எரிச்சல். திட்டுவதற்குக் கெட்டவன் ஒருவன்கூட அந்தக் கட்டடத்தில் இல்லை.

உன் எழுபத்தொன்பதைப் பற்றி. அதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. நடிப்பு வேண்டாம், குரல் வேலைதான் பிடித்திருக்கிறது என்று சொன்னாய். நான் நம்பினேன். உன்னிடம் நான் தோண்டிக் கேட்டிருக்க வேண்டும். அது என் பிழை, அதைச் சிவப்பு மையால் எனக்கே போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் வாப்பாவுக்கு மரியாதை என்று எழுதினாயே, அதை மன்னிக்கமாட்டேன். வாப்பா தட்டையாகப் பேசினார், ஏனென்றால் முப்பது வயதில் காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்து, சந்தையில் நின்றபடி இந்த மொழியைக் கற்றுக்கொண்டார். அந்தப் பேச்சில் அவர் நம்மைப் பெற்ற மாவிடம் கல்யாணம் பேசினார். அந்தப் பேச்சில் நமக்குப் பள்ளியில் இடம் கேட்டார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் அவர் இருந்தார். நீ அவரை எடுத்துவிட்டு, நாக்குத் தட்டலை மட்டும் கொடுத்தாய். சந்தையில் அவருக்குப் பத்தடி முன்னால், தெரியாதவன் போல நடந்துபோவாயே, இதுவும் அதே பத்தடிதான்.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

லாத்தா


பின் யுவோங்
24 மார்ச் 1998

லாத்தா,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கிழித்த பிறகு பொறுக்கி எடுத்து மெத்தைக்கு அடியில் வைத்தேன். பத்தடியைப் பற்றி எழுதியது நியாயமில்லை. உண்மைதான், ஆனாலும் நியாயமில்லை.

மகள் அமீர் நிஷா ஒரு விஷயம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, அவள் புருஷனிடம் சொன்னாள், நான் அடுத்த அறையில் இருந்தேன். மார்ச் எட்டு பெண்கள் தினத்துக்கு அவளுடைய செருப்புத் தொழிற்சாலையில் ஆளுக்கொரு ரோஜாப்பூவும் மதியம் விருந்தும் கொடுத்தார்கள். வரிசைக் கண்காணிப்பாளர் பூவை இவளிடம் நீட்டி, இவள் வாங்கப்போனதும் பின்னால் இழுத்துக்கொண்டு, நாக்கைத் தட்டி, "கொழந்த தரமாட்டேன்" என்று உங்கள் வசனத்தைப் பேசியிருக்கிறார். மேஜையே சிரித்ததாம். இப்போது காலையில் வருகை அட்டை போடும்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். அவள் சொல்லிக்கொண்டே அதைப் பேசிக்காட்டினாள். தன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை அவள். அச்சாக வாப்பா போலவே பேசினாள், லாத்தா. பேசிவிட்டு அவளும் சிரித்தாள். "நானும் சேர்ந்து சிரிச்சுட்டேன், வேற என்ன செய்ய" என்றாள்.

அது யாருடைய பேச்சு என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் ஹோண்டாவை எடுத்துக்கொண்டு விழா அலுவலகத்துக்குப் போனேன். உங்கள் கழுத்துப்பட்டை வாலிபர்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவரும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் போன வருஷத்துச் சிறந்த நடிகரின் ரயில் நிலைய வசனத்தைப் பேசினேன், முதல் வரியிலிருந்து. அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அந்தக் குரல்!" என்றார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள், யார், எங்கே என்று என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்கள். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

வாக்குமூலத்தைக் கொடுத்தேன். நீங்கள் கேட்ட மூன்றும் இருக்கிறது. நான்காவதாக, கொச்சையைச் சொல்லிக்கொடுத்தது நான், அது என் தகப்பனாருடையது என்றும் எழுதினேன். கொடுப்பதற்கு முன்னால், வழியில் ஸ்டுடியோவில் துயெட்டிடம் காட்டியிருந்தேன். படித்துவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கி, என் பெயருக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள். "ரெண்டு பேர் வாயிலயும் நான்தான். ஒருத்திக்குப் பரிசு, ஒருத்திக்குத் தட்டு. எனக்கு ஒரு டீகூட இல்ல" என்றாள்.

நேற்றுப் பதில் வந்துவிட்டது. நடுவர்கள் தீர்ப்பு இறுதியானதாம். வரும் வருஷங்களில் விதியைத் தெளிவுபடுத்துவதைப் பற்றி யோசிப்பார்களாம். இன்று காலை ஸ்டுடியோவில், அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். துயெட்டை விடமாட்டார்கள், அவள் குரல் இல்லாமல் இந்த ஊரில் பாதிக் கதாநாயகிகள் ஊமை.

அவள் அதை வைத்தே ஒரு காரியம் செய்திருக்கிறாள். ஏப்ரல் முப்பது விடுமுறைக்குப் படத்தைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள், அதற்காக ஒலியைச் சரிசெய்கிறார்கள். அந்த நான்கு நிமிடத்துக்குத் தன் குரலை எடுக்காவிட்டால் புதுப் படத்துக்கு வரமாட்டேன் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டாள். அவர் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை, முப்பத்தொன்று, காலை பத்து மணி. ஸ்டுடியோவில் எனக்குக் கடைசி நாள். கூண்டுக்குள் வந்து உங்கள் வசனத்தை நீங்களே பேசுங்கள். உதட்டசைவுக்கு ஒத்துப் பேசுவது கஷ்டம் என்று பயப்பட வேண்டாம், அது உங்கள் உதடுதான்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பேன். பேசமாட்டேன்.

காதர்


சைகோன்
2 மே 1998

தம்பி காதருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்று நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று முறை தப்பு விட்டேன், மூன்று முறையும் நீ விரலால் மேஜையைத் தட்டி எனக்கு இடம் காட்டினாய். நான்காவது முறை சரியாக வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

நேற்று முன்தினம் டி.வி.யில் படம். எங்கள் சந்தில் ஒன்பது குடும்பம், எல்லோர் வீட்டுக் கதவும் திறந்திருந்தது, எல்லா வீட்டிலிருந்தும் என் குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலை கீரை வாங்கப் போனேன். இருபது வருஷமாக என்னிடம் பேரம் பேசுகிற கீரைக்காரி, கட்டை என் பையில் போட்டபடி சொன்னாள்:

"டீச்சரம்மா, ராத்திரி பார்த்தேன், அழுதுட்டேன். தியேட்டர்ல பார்த்தப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப உங்களுக்கு யாரோ நம்ம ஊர்ப் பொண்ணு நல்லாப் பேசியிருக்கா. யாரு அது?"

தினமும் என்னோடு பேசுகிறவள், காதர். என் குரலில் நான் கீரை விலை கேட்பதைக் கேட்கிறவள். படத்தில் என் முகத்திலிருந்து என் குரல் வந்ததும், அது வேறு யாருடையதோ என்று நினைத்துக்கொண்டாள்.

நான் கத்தவில்லை. வீட்டுக்கு வந்துதான் கத்தினேன், சுவரைப் பார்த்து. கோபம் இன்னும் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை. அடுத்த வருஷம் அந்த விதியை அவர்கள் திருத்தினார்களா என்று பார்க்கப் போவேன். திருத்தாவிட்டால் அதற்கடுத்த வருஷமும் போவேன். முப்பத்தாறு வருஷம் ஒரே பாடத்தை நடத்தியவளுக்கு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது கடினமில்லை. அமீர் நிஷாவின் கண்காணிப்பாளருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்தவராம், பெயரைக் கேட்டதும் ஞாபகம் வந்தது. கையெழுத்து அப்போதே மோசம்.

தட்டைச் சோற்றுப் பானைக்கு மூடியாக வைத்திருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறது. தங்க எழுத்து ஆவியில் உரிந்துகொண்டிருக்கிறது.

நீ இனி எழுத வேண்டாம். வா. படியேறி வா. வந்து வாயைத் திறந்து பேசு. பத்தொன்பது வருஷம் ஊரே கேட்ட குரலை நான் வீட்டில் உட்கார்ந்து கேட்கிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு வா. வாப்பா எப்படிப் பேசுவார் என்று அவளுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து பேசிக் காட்டுவோம், அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.

அந்தச் சிறுமிக்கு நான் சொல்லாத பதில் இதுதான்: ஆமாம் கண்ணு, போனிலும் கறுப்புத்தான். அப்போது நீ பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசிப் பத்தி உனக்கு மட்டுமல்ல, ஸ்டுடியோவிலும் அலுவலகத்திலும் யாரிடம் வேண்டுமானாலும் வாசித்துக் காட்டு. அடுத்த முறை ஒரு படம் போட்டதும் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பேசுகிறவர் எப்படி இருப்பார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கண்ணைத் திறந்து, எழுதியதைப் படித்துப் பாருங்கள்.

லாத்தா
அஷ்ரஃபுன்னிசா